பக்கத்து நிரையில் கை வைத்தவர்கள்

1

வேனில் கியருக்கு முன்னால் சாவி போட்டுவைக்க ஒரு சின்னக் குழி இருக்கிறது. என் வேனில் அந்தக் குழிக்குள் சாவி கிடந்ததில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே ஒரு கண்ணாடிக் குண்டுதான் இருந்தது. தேசிக்காய் அளவு, உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே நீல நிறத்தில் ஒரு சுருள், புகை போல. போன சனிக்கிழமை, ஊரிலிருந்து வந்தபின் முதல் தடவையாகப் பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும்போது அவள் வழக்கம்போல அந்தக் குழிக்குள் கையை விட்டாள். கை வெறுமனே வெளியே வந்தது.

எங்கே தாத்தா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தெல்தெனியவில் இருக்கிறது என்று தமிழில் சொன்னேன். அது எந்தக் கடை என்று கேட்டாள். கடை இல்லை, ஊர். கண்டியிலிருந்து கிழக்கே போகிற வழியில் இருக்கிறது. அங்கே ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது. மெல்போர்ன் குளிர்காலத்துக் காலை. கண்ணாடி முழுவதும் பனி படர்ந்திருந்தது. அவள் அதில் விரலால் ஒரு மீன் வரைந்தாள். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். என் தமிழ் அவளுக்கு மழைச் சத்தம் மாதிரி. கேட்க நன்றாக இருக்கும், அர்த்தம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பேச்சுக்கு. போனில் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்கிறது. மகள் மாலினி பிழை பார்ப்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்.

2

பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தேன். இன்று மெல்போர்னில் என் பெயர் எழுதிய வேன்கள் நான்கு ஓடுகின்றன. நான் பதித்த டைல்ஸை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் பன்விலையிலிருந்து கண்டி வரை காலில் சேறு படாமல் நடந்து வரலாம். பெருமை பேசுகிறான் என்பீர்கள். பேசத்தான் போகிறேன். எனக்காக வேறு யாரும் பேசியதில்லை.

டைல்ஸ் வேலையில் சுவரை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். தரைதான் ஆளைக் காட்டும். குளியலறைத் தரை பார்வைக்குச் சமமாகவும் தண்ணீருக்குச் சரிவாகவும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு தண்ணீருக்குத் தெரிய வேண்டும். அதைப் பார்க்கத்தான் அந்தக் குண்டு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு மூலையிலிருந்தும் அதை மெல்ல விடுவேன். எங்கிருந்து விட்டாலும் அது யோசித்து யோசித்து உருண்டு போய், தண்ணீர் வடியும் துளையில் 'டக்' என்று உட்கார வேண்டும். என் கையெழுத்து விழுந்த எந்தத் தரையிலும் தண்ணீர் நின்றதில்லை.

ஒரே ஒரு தரையைப் பற்றித்தான் எனக்குத் தெரியாது. வேலை பழகிய காலத்தில் நான் முதன்முதலில் தனியாகப் போட்ட சிமெந்துத் தரை அது. பழைய தெல்தெனிய டவுனில், ஒரு கடையின் பின்பக்கம். பிறகு விக்டோரியா அணையைக் கட்டினார்கள். அந்த டவுன் தண்ணீருக்கு அடியில் போயிற்று. அந்தத் தரையில் தண்ணீர் ஓடியிருக்குமா, தேங்கியிருக்குமா என்று இனி யாரும் பார்க்க முடியாது. சில காலைகளில் வேனை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஹீட்டர் சூடாகும் வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அப்போது அது தெரியும். பச்சை வெளிச்சம். தரைக்கு மேலே மீன்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும், எந்தப் பக்கம் சரிவு என்று தேடுவது போல.

3

இந்த வருடத் தொடக்கத்தில் ஆறு வாரம் கண்டியில் இருந்தேன். வந்து இறங்கிய மறுநாளே ரபீக் நானா பிடித்துக்கொண்டார். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். நானும் அவரும் ஒரே மேசன் பாஸிடம், தலைமைக் கொத்தனாரிடம், வேலை பழகியவர்கள். அவர் ஊரிலேயே தங்கி, ஒப்பந்த வேலைகள் செய்து, இப்போது புது தெல்தெனியவில் ஒரு சின்னப் பயிற்சி நிலையம் நடத்துகிறார். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் நீர்த்தேக்கம் தெரியும்.

"மச்சான், ரெண்டு நாள் வந்து குந்துங்கொ. ஆறு பேருக்கு டெஸ்ட் ஈக்கி. வேல தெரிஞ்ச வெளி ஆள் ஒராள் பக்கத்துல ஈக்கோணும்டு சட்டம்."

"நான் லீவுல வந்திருக்கேன் நானா."

"லீவுலதானே பெரும அடிக்கேலும். இங்க படிக்கிற எல்லாருக்கும் நான் ஒங்கட கதையத்தான் சொல்ற. பன்விலக்காரன் ஒராள், அஞ்சாம் வகுப்பு, ஆஸ்திரேலியா போய் வெள்ளக்காரன்ட டெஸ்ட்ட ஒரே தடவையில பாஸ் பண்ணினாரு எண்டு."

வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தினேன். சரி என்றேன்.

டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி நிலூகா மேடம். கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தார். சிங்களப் பெண், தமிழைப் பார்த்துப் பார்த்து அடி வைத்துப் பேசுவார். ஒரு ஆளுக்குப் பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் வைத்திருந்தார். கலவை சரியா, அளவு சரியா, சரிவு சரியா, கருவியைக் கழுவி வைத்தாரா என்று வரிவரியாகக் கேள்வி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்று 'தேர்ச்சி'. மற்றது 'இன்னும் தேர்ச்சி இல்லை'. பெயில் என்ற சொல்லே எங்கும் கிடையாது. அந்த இரண்டாவது கட்டத்தை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொங்கிறீட் கொட்டிய சின்னச் சின்ன அறைகள், குளியலறை மாதிரி, இடையில் இடுப்பளவுச் சுவர். இரண்டு நாளில் ஒரு சுவரும் தரையும் முடிக்க வேண்டும். முதல் நாள் காலை மேடம் சட்டத்தை இரண்டு மொழியிலும் சொன்னார். "பக்கத்து அறைக்குள்ள யாரும் கை போடக் கூடாது. போட்டா ரெண்டு பேருக்கும் இல்லை."

மூன்றாவது அறையில் புஷ்பராணி. ஹுன்னஸ்கிரிய தோட்டப் பக்கம், நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. கணவர் மேசன், அவருக்குக் கையாளாகப் போய், பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டவள். டைலை மண்டியிட்டு வைக்கும்போது இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தத்திலேயே அடியில் கலவை நிறைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வாள். என் கம்பெனியில் அப்படிக் காது உள்ளவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவன் நான்.

நான்காவது அறையில் சுனில். தெல்தெனியக்காரர், என் மகளைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வாழ்நாள் முழுவதும் பாஸ்மாருக்குக் கலவை சுமந்தவர். ஒரு டைலைக்கூடப் பதிக்க யாரும் விட்டதில்லை.

பகல் பிளேன்டீ குடிக்கும்போது புஷ்பராணியிடம், இந்தச் சான்றிதழ் எதற்கு என்று கேட்டேன்.

"அணைக்கு அந்தப் பக்கம் ஹோட்டல் கட்டுறாங்கல்ல ஐயா. பேப்பர் இருந்தா எடுக்கிறாங்க. வர்ற மாசம் ஆள் சேர்க்கிறாங்க."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி பாஸ்போட்டு ஏஜென்சிக்காரன்ட்ட இருக்கு. மறுபடியும் குவைத்துதான். போன தடவ போயிட்டு வந்தப்ப சின்னவ என்னைப் பார்த்து அவ அப்பாகிட்ட 'இது யாரு'ன்னு கேட்டா. இன்னொரு தடவ அதக் கேக்க முடியாது ஐயா." சொல்லிவிட்டு கோப்பையைக் கழுவி வைத்தாள், படிவத்தில் கருவிகளைக் கழுவச் சொல்லியிருந்தது போலவே.

4

இரண்டாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு மேடமும் நானாவும் அலுவலகத்துக்குப் போனார்கள். காவலுக்கு நான் மட்டும் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வாழைக்காய்க் கறியோடு சோறு, ஜன்னலில் காற்று, கீழே நீர்த்தேக்கம் தகடு போல மினுங்கிக்கொண்டிருந்தது. கண் செருகிவிட்டது.

மலை தெரிந்தது. பனி. அம்மா தன் நிரையை முடித்துவிட்டாள். தேயிலைச் செடிகளின் வரிசையைத்தான் எங்கள் தோட்டத்தில் நிரை என்போம். காலையில் ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள். முடித்தவள் உட்கார மாட்டாள். பின்தங்கியவளின் நிரைக்குள் எதிர்ப்பக்கமாக இறங்குவாள், பறித்த கொழுந்தை அவள் கூடையிலேயே போடுவாள். யாரும் கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. நாளைக்கு அது மாறி நடக்கும். கனவில் அம்மா அப்படித்தான் கையை நீட்டிக்கொண்டிருந்தாள், பனிக்குள், பக்கத்துக் கூடைக்கு.

கண்ணைத் திறந்தேன். கை இன்னும் நீண்டுகொண்டுதான் இருந்தது. புஷ்பராணியின் கை. நான்காவது அறையில், சுனிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். துளையைச் சுற்றி மூன்று டைலைக் கிளப்பி, அடியில் கலவையை வழித்து, மறுபடி வைத்து, இரண்டு விரலால் தட்டினாள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, இடுப்புச் சுவரைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்புச் செய்கிற ஆள் சுற்றுமுற்றும் பார்ப்பார். அவள் பார்க்கவில்லை.

இனி சொல்வதை முப்பது வருடமாக யாருக்கும் சொன்னதில்லை.

மெல்போர்னுக்கு வந்த புதிதில் எனக்கும் இப்படி ஒரு டெஸ்ட் வைத்தார்கள். பெரிய கொட்டகை, வரிசையாக அறைகள். நான் ஒரு மணி நேரம் முந்தியே முடித்துவிட்டேன். பக்கத்து அறையில் எத்தியோப்பியாக்காரர் ஒருவர் பாதிச் சுவரில் வியர்த்துக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. உள்ளே போனேன், டைலுக்குக் கலவை தடவித் தடவி எடுத்துக் கொடுத்தேன். டெஸ்ட் எடுத்தவர் வந்து நின்றார். பாராட்டப் போகிறார் என்று சிரித்தேன். அவர் இரண்டு படிவத்திலும் ஒரே மாதிரி ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

கடிதம் வந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒன்பது வயது மாலினிதான் வாசித்தாள். கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பெயில்னு போடலப்பா. இன்னும் இல்லைன்னு போட்டிருக்கு."

ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பாஸ் பண்ணினேன். அன்றைக்கு நானாவுக்கு போன் பண்ணும்போது 'ஒரே தடவையில்' என்று வாயில் வந்துவிட்டது. வந்தது அப்படியே தங்கிவிட்டது.

5

மேடம் திரும்பி வந்தார். கலவை காயாத தரையில் தண்ணீர் ஊற்ற முடியாது. என் குண்டை எடுத்தேன். புஷ்பராணியின் தரையில் அது ராஜா மாதிரிப் போய் உட்கார்ந்தது. சுனிலின் தரையிலும் உட்கார்ந்தது. சுனில் தன் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மேடம் 'தேர்ச்சி' கட்டத்தில் பேனாவை வைத்தார். அடியில் என் கையெழுத்துக்கு இடம்.

கனவு கண்டேன் என்று இருந்துவிடலாம். பாதி கனவுதானே. குவைத், சின்ன மகள், 'இது யாரு' எல்லாம் என் காதுக்குள் இருந்தன. ஆனால் நாளைக்கு யாரோ ஒருவர் வீட்டில் சுனில் தனியாகத் தரை போடுவார். அங்கே புஷ்பராணி இருக்க மாட்டாள். தண்ணீர் நிற்கும். ஒரு கர்ப்பிணி வழுக்கி விழுவாள். அடியில் என் கையெழுத்து இருக்கும். நல்லவன் என்பதால் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். என் கையெழுத்தின் திமிரில் சொன்னேன்.

"மேடம், இந்தத் தரையில துளையைச் சுத்தி உள்ள மூணு டைலும் இவர் வச்சது இல்ல."

மேடம் பேனாவை மூடினார்.

சுனில் முந்திக்கொண்டார். "தங்கச்சி பிழை இல்ல மேடம். நான் கூப்பிட்டது."

"பொய் சொல்லாதீங்க அய்யே," என்றாள் புஷ்பராணி. அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன். "யாரும் கூப்பிடல. நாந்தான் போனேன். என் வேல முடிஞ்சிச்சு, அவருக்கு முடியல. சும்மா குந்தியிருக்கவா?"

"சட்டம் நேத்து காலையில சொன்னது. ரெண்டு பேருக்கும் இல்லை," என்றார் மேடம். ரபீக் நானா தலையில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

அப்போதுதான் நான் என் மெல்போர்ன் கதையைச் சொன்னேன். எத்தியோப்பியாக்காரர், கலவை, கடிதம், எல்லாம். ஆறு பேர் முன்னால், நானா முன்னால். சொல்லச் சொல்ல என் நெஞ்சுக்குள் முப்பது வருடமாக நிமிர்ந்து நின்ற ஏதோ ஒன்று மெல்ல உட்கார்ந்தது.

நானாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ஒரே தடவையில இல்லயா?"

"இல்ல நானா."

"அட மனுசா. எத்தன பேருக்கு நான் இதச் சொல்லீக்கேன்."

மேடம் சிரிக்கவில்லை. "கதை சான்று இல்லை ஐயா. வேலைதான் சான்று."

'நோ வொரீஸ்' என்று பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

"வொரி இருக்குது ஐயா," என்றார் அவர். படிவத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். முழுதாக வாசித்தார். மறுபடியும் முதலில் இருந்து வாசித்தார். சான்று போதவில்லை என்றால் முடிவு எழுத முன்னால் இன்னும் சான்று கேட்கலாம் என்று அங்கே ஒரு வரி இருந்ததாம். நடந்ததை அப்படியே எழுதினார், என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு இரண்டு பேரையும் துளையைச் சுற்றியுள்ள டைலைக் கிளப்பிவிட்டு மறுபடி பதிக்கச் சொன்னார். இடுப்புச் சுவருக்கு மேலே ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தச் சொல்லி, அதன் பக்கத்தில் தானே கதிரை போட்டு உட்கார்ந்தார்.

புஷ்பராணி ஒன்றரை மணி நேரத்தில் முடித்தாள். குண்டு போய் உட்கார்ந்தது. தேர்ச்சி.

சுனில் கடைசி நிமிஷம் வரை வைத்தார், எடுத்தார், வைத்தார். மூன்று மூலையிலிருந்து குண்டு சரியாகப் போனது. நான்காவது மூலையிலிருந்து விட்டபோது பாதி வழியில் நின்றது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே அந்த நீலச் சுருள் அசையாமல் இருந்தது. மேடம் இரண்டாவது கட்டத்தில் அடையாளம் போட்டார்.

"எவ்வளவு நாள்?" என்று சுனில் கேட்டார்.

"அடுத்த குழு வரும்போது வாங்க."

வெளியே வந்தபோது புஷ்பராணி வாசல் கேட்டடியில் நின்றாள். கும்பிடுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க பாத்தத பாக்காத மாதிரி இருந்திருக்கலாம் ஐயா. அவருக்கும் கெடைச்சிருக்கும்."

"உனக்குக் கெடைச்சதே?"

"எனக்குக் கெடைச்சது என் கையால. அவருக்குப் போனது உங்க வாயால," என்று சொல்லிவிட்டு ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறிப்போனாள்.

நான் திரும்பி உள்ளே போனேன். சுனில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குண்டை அவர் சட்டைப் பைக்குள் போட்டேன். சொல்லிக்கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. எங்கே நிற்கிறது என்று அது காட்டும், அவ்வளவுதான்.

6

மெல்போர்னுக்கு வந்து சில மாதம் ஆகியும் மாலினிக்கு இதைச் சொல்லவில்லை. இதுவரை நீங்கள் வாசித்ததை நான் போனில் பேசி முடித்திருந்தேன். அவள் சமையலறை மேசையில் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்த இடத்துக்கு அவள் வந்தபோது நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கப் போவது போல எழுந்தேன்.

"இதைச் சொல்ல உங்களுக்கு முப்பது வருஷமா அப்பா?"

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"வாசிச்சது நான்தானே." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு பார்ட்டியிலயும் நீங்க ஒரே தடவைன்னு சொல்லுவீங்க. நான் கேக் வெட்டிக்கிட்டு இருப்பேன்."

"ஏம்மா சொல்லல?"

"உங்க கூடை அது. நான் எதுக்கு அதுல கை வைக்க?" என்றாள். பிறகு 'எத்தியோப்பியா' என்ற சொல்லில் ஒரு எழுத்தைத் திருத்தினாள்.

அது பேத்தி குண்டைக் கேட்ட அடுத்த வாரம். ஞாயிற்றுக்கிழமை பகல், நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே ரபீக் நானாவிடமிருந்து வீடியோ வந்தது.

தெல்தெனியவின் அதே பயிற்சிக் கொட்டகை. ஜன்னலுக்கு வெளியே நீர்த்தேக்கம் வற்றிக் கரை சிவப்பாகத் தெரிந்தது. அந்த வெளிச்சம் தரையில் விழுந்து, தரையே தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தது. சுனில் மண்டியிட்டிருந்தார். முதல் மூலை. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது மூலையில் குண்டை வைத்து விரலை எடுத்தார். அது கொஞ்ச தூரம் போய்த் தயங்கியது. மாலினி கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். நீலச் சுருள் ஒரு தடவை மெல்லப் புரண்டது. பிறகு இன்னொரு தடவை. யோசித்து யோசித்துப் போய், 'டக்' என்றது.

கேமரா திரும்பியது. நிலூகா மேடம் கதிரையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே, ஹோட்டல் வேலையின் மஞ்சள் சட்டையோடு புஷ்பராணி நின்றாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். யாரோ பக்கவாட்டுக்குப் போய் வீடியோ எடுத்தார்கள். தான் முகம் துடைக்கும் துவாயாலேயே மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறாள்.

"மெல்போர்ன் ஐயாவுக்குக் காட்டுங்க நானா," என்றாள். "நல்லாப் பாக்கட்டும். இன்னும் அவிழ்க்கல."